குதிரையும் சைக்கிளும்

குதிரையிடம் உயிரையே வைத்திருக்கும் ஒருவன் சைக்கிளைக் கண்டால் என்ன நினைப்பான்? உயிரற்ற இரும்பென்று இகழ்ந்து ஒதுக்குவான் என்றே பலரும் எண்ணுவர். அவ்வெண்ணம் தவறென்பதற்கு ருஷிய ஞானி டால்ஸ்டாயே சாட்சி. 1910இல் தென்னாப்பிரிக்காவில் சத்தியாக்கிரகிகள் குடும்பத்துடன் குடியேறிய பண்ணை அப்பெரியாரின் பெயரையே தாங்கி நின்றது. ஆதலின் அவர் நமக்கு அந்நியரல்லர்.

டால்ஸ்டாய் இளமை முதல் குதிரையேற்றத்தில் பழகியவர். ஸமாராப் புல்வெளியில் குதிரைகளை வளர்த்தவர். 1886இல் வெளியான ‘கோல்ஸ்டோமர்’ என்ற கதையில் ஒரு கிழக்குதிரையே தன் சரித்திரத்தைக் கூறுகிறது. உயிருள்ள தன்னை ஒரு மனிதன் ‘என்னுடையது’ என்று சொல்லிக்கொள்வதன் பொருள் அக்குதிரைக்கு விளங்கவேயில்லை.

இத்தகைய குதிரைப் பிரியர் 1895ஆம் வருஷத்து வசந்த காலத்தில், 66 வயது கடந்த பின், சைக்கிள் பழகத் தொடங்கினார். ஏழு வயதுகூட நிரம்பாத அவருடைய கடைசிப் புதல்வன் வான்யா இறந்து அப்போது சில வாரங்களே ஆகியிருந்தன. அவர் பழகிய இடம் மாஸ்கோ நகரத்து மானேஜ் மண்டபம். குதிரையேற்றக் கூடம் என்பதே அப்பெயரின் பொருள். அது கட்டப்பட்ட 1817ஆம் வருஷத்தில்தான் ஜெர்மனியில் கார்ல் டிரைஸ் என்பவர், காலால் தரையை உந்திச் செலுத்தும் தமது இருசக்கர வண்டியை மன்ஹைம் நகரில் ஓட்டிக் காட்டினார்.

எளிய வாழ்வை உபதேசிப்பவருக்கு இவ்விளையாட்டு தகுமா என்று நண்பரொருவர் தடுத்தார். இதில் பாவம் ஒன்றுமில்லை, குழந்தையைப் போல் மகிழ்கிறேன் என்ற கருத்தை டால்ஸ்டாய் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். எளிமை என்பது மகிழ்ச்சியைத் துறப்பதன்று என்பதை நமது தொண்டர்களும் இதனின்று அறிவார்களாக.

இனி இரு வாகனங்களையும் ஒப்பிடுவோம். இரண்டிலும் இறுகப் பிடிப்பவன் விழுவான். இலேசான கையும் நிலைகுலையாத உடலும் உடையவன் தேறுவான். கொள்ளென்றால் வாயைத் திறந்து, கடிவாளமென்றால் வாயை மூடிக்கொள்ளும் வழக்கம் சைக்கிளுக்கு இல்லை. கீழே தள்ளினாலும் அது குழி பறிப்பதில்லை. ஆயினும் குதிரைக்குச் சொந்தக் கண் உண்டு. இருளிலும் அது வீட்டு வழியை அறியும். பள்ளத்தைக் கண்டால் தானே நிற்கும். சைக்கிளோ நமது பார்வை செல்லும் இடத்திற்கே செல்லும். கல்லில் மோதிவிடுவோமோ என்று அஞ்சி அக்கல்லையே நோக்குபவன், அதன்மேலேயே மோதுகிறான். குதிரை நமது பிழையைத் திருத்துகிறது. சைக்கிள் அதனை நமக்கே காட்டிவிடுகிறது.

இவற்றினும் பெரியதொரு வேற்றுமை உண்டு. மேட்டில் ஏறுங்கால் குதிரைமேல் இருப்பவன் சுற்றுப்புறத்தின் அழகைப் பார்க்கிறான், மூச்சிரைப்பது குதிரைக்கே. சைக்கிளில் அதே மேட்டில் ஏறுபவனுக்குத் தொடை வலிக்கிறது, நெஞ்சு அடைக்கிறது. அதுவரை தன்னைச் சுமந்த ஜீவன் என்ன பாடுபட்டதென்பதை அவன் அன்றுதான் உணர்கிறான். பிறர் முதுகின்மேல் அமர்ந்துகொண்டே அவர்கள் துன்பத்திற்கு இரங்குவோரைக் கண்டித்த டால்ஸ்டாய்க்கு, தன் காலின் வலிமையால் மட்டுமே செல்லும் வாகனம் உகந்ததாயிருந்ததில் வியப்பென்ன? உயிருள்ள எதையும் வருத்தாத இவ்விரும்பை ‘என்னுடையது’ என்று ஒருவன் சொன்னால் கோல்ஸ்டோமரும் குறை கூறாது.

அதனால் அவர் குதிரையைக் கைவிட்டாரா? இல்லை. 82ஆம் வயதில், 1910இல் வீட்டைத் துறந்து வெளியேறிய வருஷம் வரையில் குதிரையேறியே உலாவினார். அவரது சைக்கிள் மாஸ்கோவில் அவர் வாழ்ந்த இல்லத்தில் காட்சிப் பொருளாக வைத்துக் காக்கப்படுகிறது.

சைக்கிளைக் குதிரையென்று கொஞ்சுவதில் தவறில்லை. குதிரையைச் சைக்கிளென்று எண்ணி ஓட்டுவதுதான் தவறு. நம்மைச் சுமப்பது மிருகமாயினும் மனிதனாயினும், மேடு வந்தவிடத்து ஒரு முறையேனும் இறங்கி நடப்போமாக.