உறைமோரும் சுட்ட கிழங்கும்

லண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்த மச்சாள், கல்குடாவில் எங்கள் வளவைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "மச்சான், மண் இவ்வளவு பொலபொலவெண்டு கிடக்கு. நம்மட வளவுக்க உருளைக்கிழங்கு நட்டா என்ன? அங்க ஞாயிற்றுக்கிழமையில வாட்டித் தின்னுற மாதிரி ஒரு இனமாப் பாத்து?"

அவள் மனதில் இருந்தது மாரிஸ் பைப்பர். 1966இல் வெளிவந்த அந்த இனத்தைப் பிரித்தானியர் வாட்டுவதற்கென்றே தேடி வாங்குவார்கள். அவளுக்குப் பதில் சொல்ல இரண்டு அடுப்புகளைப் பார்க்க வேண்டியிருந்தது. ஒன்று செடியின் அடுப்பு, மற்றது நம்முடையது.

செடியின் அடுப்பு இலை. பகல் முழுக்க வெயிலை வைத்துச் சீனி சமைக்கிறது. வீட்டுச் செலவு போக மிஞ்சியது மண்ணுக்குள் இறங்கி மாப்பொருளாகச் சேர்கிறது. உருளைக்கிழங்கு என்பது அந்தச் சேமிப்புப் பானை. இரவில் சமையல் இல்லை, செலவு மட்டும் உண்டு. செடி சுவாசிக்கச் சீனியை எரிக்கிறது. இரவு சூடாக இருந்தால் அந்த எரிப்பும் கூடும். அன்றைய உழைப்பு அன்றிரவே கரைந்து போகிற வீட்டில் பானை எப்படி நிறையும்? போதாததற்கு, 'இனிச் சேமிக்கத் தொடங்கு' என்று இலையிலிருந்து கீழே போகிற ஒரு புரதச் செய்தியும் இருக்கிறது. 2011இல் அதைக் கண்டறிந்தார்கள். வெப்பம் கூடினால் இலை அந்தச் செய்தியை அனுப்புவதே குறைந்துவிடுகிறது.

அந்தீஸ் மலையில் பிறந்த பயிர் அது. இரவு பதினைந்து, பதினெட்டு பாகைக்கு இறங்கினால்தான் அதற்குச் சுகம். நுவரெலியாவும் வெலிமடையும் அதைக் கொடுக்கின்றன. கல்குடாவில் குளிர் என்று நாம் போர்த்திக்கொள்ளும் தை மாத இரவிலும் வெப்பம் இருபத்திரண்டுக்குக் கீழே இறங்குவது அரிது. யாழ்ப்பாணத்தில், வலிகாமத்துச் செம்மண்ணில், கார்த்திகை மார்கழியில் நட்டு மாசி பங்குனியில் கிண்டுகிறார்களே என்று கேட்கலாம். அவர்களுக்குக் கிடைப்பதும் ஒரு சின்ன இடைவெளிதான். அங்கே மழை முன்னதாக ஓய்ந்து கிணற்றுப் பாசனம் கைகொடுக்கிறது. நமக்கு அதே மார்கழியில்தான் மாரி கொட்டித் தீர்க்கிறது. நட்ட துண்டு அழுகும். தப்பிப் பிழைத்த செடியைப் பிடுங்கினால் போளை அளவில் நாலைந்து உருளும். அதற்கு உரமும் உழைப்பும் போட நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

உருளைக்கிழங்குதான் வேண்டும் என்றால் கடையில் வாங்கி வாட்டுவது நல்லது. வாங்கியதிலும் ஒரு தெரிவு உண்டு. மாப்பொருள் அடர்ந்த கிழங்கு வேகும்போது அதன் கலங்கள் ஒன்றையொன்று விட்டு விலகும், நன்றாக அவிந்த பிட்டு உதிர்வதைப் போல. அந்த உதிர்ந்த மேற்பரப்பில்தான் எண்ணெய் பிடித்து மொறுமொறுப்பு ஏறும். மாப்பொருள் குறைந்தது ஒட்டிக்கொண்டு நிற்கும். கறிக்குள் உடையாமல் இருக்க அதுதான் நல்லது. மலைநாட்டில் பெரும்பாலும் விளையும் கிரனோலா இந்தப் பக்கம் சாய்ந்தது. சிவப்புத் தோல் டெசிரே கிடைத்தால் வாட்ட எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் தெரியாத கிழங்கென்றால் பதினொரு கோப்பை தண்ணீரில் ஒரு கோப்பை உப்பைக் கரைத்து அதில் போடுங்கள். தாழ்வது வாட்ட, மிதப்பது கறிக்கு.

வளவில் நட்டு, கிண்டி, சுட்டுத் தின்னும் ஆசைக்கு இந்த மண் வேறொரு கிழங்கை வைத்திருக்கிறது: வற்றாளை. தமிழ்நாட்டார் சர்க்கரைவள்ளி என்பார்கள். பாசிக்குடாக் கடற்கரை மணலில் படர்ந்து கிடக்கும் அடம்பன் கொடியைப் பாருங்கள். பூவைக் கவனித்தால் உறவு தெரிந்துவிடும். இரண்டும் ஒரே பேரினம். மணலும் வெயிலும் அந்தக் குடும்பத்துக்குப் பழக்கமானவை. உருளைக்கிழங்கைத் தடுக்கிற அதே சூடான இரவு வற்றாளைக்குத் தடையே இல்லை.

இனி நம்முடைய அடுப்பு. இதை விளங்கிக்கொள்ள மட்டக்களப்பார் எங்கும் போக வேண்டாம், தயிர்ச் சட்டியை நினைத்தால் போதும். உறைமோரைக் கொதிக்கிற பாலில் ஊற்றினால் அது செத்துப்போகும், ஆறிக் குளிர்ந்த பாலில் ஊற்றினால் வேலை செய்யாது. வெதுவெதுப்பு என்ற ஒரு பதம் வேண்டும். வற்றாளைக்குள்ளும் ஓர் உறைமோர் இருக்கிறது, அது ஒரு நொதியம். மாப்பொருளை வெட்டி மோற்றோசு என்ற சீனியாக்குவது அதன் வேலை. பச்சைக் கிழங்கில் மாப்பொருள் ஊறாத அரிசியைப் போல இறுகிக் கிடப்பதால் நொதியத்துக்குப் பிடி கிடைக்காது. கிழங்கின் உள்ளே வெப்பம் சுமார் அறுபத்தைந்து பாகைக்கு வரும்போது மாப்பொருள் நீரைக் குடித்து உப்பி நெகிழும். அப்போதுதான் நொதியத்துக்கு வேளை. எண்பதைத் தாண்டினால் அதுவும் செத்துவிடும். இந்தப் பதினைந்து பாகைக்குள் கிழங்கு எவ்வளவு நேரம் இருக்கிறதோ அவ்வளவு இனிப்பு. கொதிநீரில் சின்னத் துண்டுகளாகப் போட்டால் சில நிமிடத்தில் கடந்துவிடும். சிரட்டைக் கரி தணிந்த பிறகு முழுக்கிழங்கைச் சாம்பலுக்குள் புதைத்தால் மெல்ல மெல்ல ஏறும். அம்மம்மா அடுப்பு அணையும் நேரத்தில் கிழங்கைப் புதைத்ததற்குக் காரணம் விறகுச் சிக்கனம் என்றே நெடுநாள் நினைத்திருந்தேன்.

எல்லாக் கொடியிலும் உறைமோர் ஒரே அளவு இல்லை. நொதியம் குறைந்த கிழங்கை எவ்வளவு பொறுமையாகச் சுட்டாலும் இனிக்காது. சதையும் வேறுபடும். வெள்ளை, இளமஞ்சள் சதை பெரும்பாலும் உலர்ந்தது, மாவாக உதிரும். செம்மஞ்சள் சதையில் ஈரம் கூட. சுட்டால் ஓட்டமாவடிப் பக்கத்து வட்டிலப்பம் போலக் குழையும். கண்ணுக்கு நல்ல விற்றமின் ஏ ஆகும் நிறமியும் அதில்தான் அதிகம். ஆப்பிரிக்காவில் அந்தக் கிழங்கைப் பரப்பியவர்களுக்கு 2016இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் ஒரு வரி கட்டாயம் அதை நடுங்கள். சாம்பலில் சுட்டுக் கொச்சிக்காய்ச் சம்பலோடு தின்ன, எனக்கு உலர்ந்த சதைதான். விவசாயத் திணைக்களம் வாரியப்பொல சிவப்பு, வாரியப்பொல வெள்ளை, ரணபிம என்று இனங்களை வெளியிட்டிருக்கிறது.

பெயரைவிட எனக்கு நம்பிக்கையான வழி ஒன்று உண்டு. யார் வீட்டுக் கிழங்கு வாய்க்குப் பிடிக்கிறதோ அந்த வீட்டிலேயே கொடி கேளுங்கள். வற்றாளையை விதையால் அல்ல, கொடித் துண்டால் நடுகிறோம். துண்டு தாயின் அதே உடல். அயல் வீட்டில் வாங்கிய உறைமோரைப் போல அந்தச் சுவை நம் வளவுக்கு வந்துவிடும்.

நடுவது எளிது. மாரி தணிந்து மணல் ஈரமாக இருக்கும் தையில் உயரமாக வரம்பு போட்டு, கொடியின் நுனிப் பக்கம் ஒரு அடித் துண்டு வெட்டி, முக்கால்வாசியைப் புதைக்கிறேன். யூரியாவை அள்ளிப் போடாதீர்கள், இலைதான் கொழுக்கும். படரும் கொடியை இடைக்கிடை தூக்கிவிட்டால் கணுவில் வேர்விட்டுச் சேமிப்பு சிதறாது. வெளியே தெரியும் கிழங்குக்கு மண் அணையுங்கள், கூன்வண்டு அங்கேதான் முட்டையிடும். வண்டு துளைத்த கிழங்கு தன்னைக் காக்கக் கசப்பு நஞ்சைச் சுரக்கும், சுட்டாலும் போகாது. பூஞ்சணம் பிடித்ததை மாட்டுக்கும் போடக் கூடாது, நுரையீரலைத் தாக்கும்.

நாலு மாதத்தில் கிண்டலாம். கிண்டிய அன்றே சுடாதீர்கள். அமெரிக்க விவசாயிகள் கிழங்கை ஈரக்காற்றும் முப்பது பாகைச் சூடும் உள்ள அறையில் ஒரு கிழமை வைப்பார்கள்; தோல் காயம் ஆறும், வைத்திருக்க வைத்திருக்க இனிப்பும் கூடும். அவர்கள் செலவு செய்து உண்டாக்கும் அந்த வெக்கை நம் குசினி மூலையில் சும்மா கிடக்கிறது. குளிர்சாதனப் பெட்டியில் மட்டும் வைக்க வேண்டாம், நடுக்கட்டை இறுகி வேகாமல் நிற்கும்.

மச்சாள் போகுமுன் மூன்று துண்டு நட்டாள். வைகாசியில் கிண்டும்போது வீடியோவில் கூப்பிடச் சொல்லியிருக்கிறாள்.