பொம்மைப் படத்துக்குப் பிள்ளைகள் பயப்படுவது ஏன்?

'கார்ட்டூன்தானே' என்று போட்டுவிடுகிறோம். நாலு வயதுக் குழந்தை பாதியிலேயே மடியில் ஏறிக்கொள்கிறது.

அந்த வயதில் கண்ணுக்குத் தெரிவதுதான் நிஜம். 1980களில் அமெரிக்க ஆய்வாளர் ஜோன் கேன்டர் குழுவினர் 'இன்கிரெடிபிள் ஹல்க்' தொடரைப் பிள்ளைகளுக்குக் காட்டி ஆராய்ந்தார்கள். ஹல்க் நல்லவன், பச்சை ராட்சசனாக மாறினாலும் பிறரைக் காப்பாற்றுகிறான். பெரிய பிள்ளைகளுக்கு அது புரிந்தது. சின்னஞ்சிறுசுகளை மிரட்டியதோ அந்த உருமாற்றமேதான். வளர வளர பயமும் இடம் மாறுகிறது: கோரமுகம் போய், திருடன், விபத்து, அம்மாவை இழப்பது என நடக்கக்கூடியவை வந்துவிடும்.

அந்த இழப்புக்கும் இந்தப் படங்களில் குறைவில்லை. 'ஃபைண்டிங் நீமோ'வில் தொடக்கத்திலேயே தாய்மீன் போய்விடுகிறது. 2014இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் (கிறிஸ்துமஸ் இதழுக்கே உரிய குறும்போடுதான்) வெளியிட்ட ஆய்வின்படி, பெரியவர்களுக்கான படங்களைவிடக் குழந்தைகளின் அனிமேஷன் படங்களில் முக்கியப் பாத்திரம் சாகும் வாய்ப்பு சுமார் 2.5 மடங்கு.

தணிக்கைச் சான்றிதழ் கொஞ்சம் உதவும். இந்தியாவில் 2024 முதல் யு/ஏ பிரிவு 7+, 13+, 16+ என்று பிரிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் மூன்று வயதுக்கும் ஆறு வயதுக்கும் உள்ள தூரத்தை அது சொல்லாது. முதலில் நீங்கள் பாருங்கள். இருட்டு, திடீர்ச் சத்தம், உருமாற்றம், பெற்றோர் பிரிவு இருக்கிறதா என்று கவனியுங்கள்.

பயந்துவிட்டால் 'அதெல்லாம் பொய்' என்ற விளக்கம் பாலர்களிடம் அதிகம் எடுபடாது. படத்தை நிறுத்திவிட்டு, அணைத்துக்கொள்ளுங்கள்.