ஆள் இல்லாவிட்டாலும் நிலையம் ஓடும். பயணி இல்லாவிட்டால் ஓடாது

கூலாய் - "ஒரே ஒரு மாணவிக்காக ஜப்பானில் ஒரு ரயில் நிலையம் இயங்கியது" என்ற தகவல் நம் வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி வலம் வருகிறது. அது பாதிதான் உண்மை.

ஹொக்கைடோ தீவின் கியூ-ஷிராதாகி நிலையத்தில் ஒரு பள்ளி மாணவி தினமும் ரயில் ஏறியது நிஜம். ஆனால், பயணிகள் குறைந்ததால்தான் அதை மூட முடிவெடுத்தார்கள். ஜப்பானில் பள்ளி ஆண்டு முடிவதும் ரயில் நேர அட்டவணை மாறுவதும் மார்ச் மாதத்தில். 2016 மார்ச் 26ஆம் தேதி அந்த நிலையம் மூடப்பட்டது. பக்கத்திலிருந்த இன்னும் இரண்டு நிலையங்களும் அன்றே மூடப்பட்டன.

நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. அந்த நிலையத்தில் ஊழியர் எவரும் இல்லை. ஜப்பானில் ஏறக்குறைய பாதி நிலையங்கள் இப்படித்தான் இயங்குகின்றன.

அப்படியானால் கட்டணம் வாங்குவது யார்? ஒன்று அல்லது இரண்டு பெட்டிகள் கொண்ட ரயிலில் ஓட்டுநர் மட்டுமே இருப்பார். பின்கதவில் ஏறும்போது இயந்திரத்திலிருந்து எண் அச்சிட்ட ஒரு சீட்டை இழுத்துக்கொள்ள வேண்டும். அந்த எண்ணுக்கு எவ்வளவு கட்டணம் என்பதை முன்னால் உள்ள பலகை காட்டும். இறங்கும்போது ஓட்டுநர் அருகிலுள்ள பெட்டியில் பணத்தையும் சீட்டையும் போட்டுவிட்டு முன்கதவால் இறங்கலாம்.

இந்தியாவில் வேறு வழி. 'ஹால்ட்' எனப்படும் சிறு நிலையங்களில், ரயில்வே ஊழியருக்குப் பதில் உள்ளூர்க்காரர் ஒருவர் கமிஷனுக்கு டிக்கெட் விற்கிறார்.

இனி நம் ஊருக்கு வருவோம். கிம்மாஸ் - ஜொகூர் பாரு பாதை 1909இல் முழுமை பெற்றது. ரெங்கம், லாயாங்-லாயாங், செடெனாக் போன்ற சிறு நிலையங்கள் தோட்ட மக்களுக்கு வெளியுலக வாசலாக இருந்தன. செடெனாக்கில் இன்று பயணி ரயில் நிற்பதில்லை.

2025 டிசம்பர் 12 முதல் இடிஎஸ் மின்ரயில் ஜொகூர் பாரு வரை ஓடுகிறது, கூலாயிலும் நிற்கிறது. மணிக்கு 140 கிலோமீட்டர் வரை செல்லும் ரயில் ஒவ்வொரு சிற்றூரிலும் நின்றால், வேகம் குறைத்து, நின்று, மறுபடி வேகமெடுப்பதிலேயே பல நிமிடங்கள் போய்விடும். ஆகவே சிறு நிலையங்களுக்கு வேண்டியது, எல்லா இடத்திலும் நிற்கும் உள்ளூர் ரயில். அதற்கு ஒவ்வொரு நிலையத்திலும் ஊழியர் தேவையில்லை என்பதை ஜப்பான் காட்டுகிறது.

அப்படியொரு சேவையை நாம் கேட்பதானால், இருக்கும் ரயிலில் முதலில் ஏற வேண்டும். டிக்கெட்டைக் கைப்பேசிச் செயலியிலேயே எடுக்கலாம். அது கைவராத தாத்தா பாட்டிக்குப் பிள்ளைகள் எடுத்துக் கொடுக்கட்டும். எத்தனை பேர் ஏறினார்கள் என்ற கணக்குதான் ஒரு நிலையத்தின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.