யப்பானியப் பந்தெறி வீரர் சவமுரா எயிஜி

நம் நாட்டிற் கிரிக்கெற் ஆட்டம் பெற்றிருக்கும் செல்வாக்கினை யப்பானிற் பேஸ்போல் ஆட்டம் பெற்றிருக்கின்றது. 1872 ஆம் ஆண்டளவில் தோக்கியோவிற் கற்பித்த ஒறேஸ் வில்சன் என்னும் அமெரிக்க ஆசிரியர் தம் மாணவர்க்குப் பயிற்றிய இவ்வாட்டம், கல்லூரிகள் வாயிலாகவே அந்நாடெங்கும் பரவிற்று.

கிரிக்கெற்றிற் பந்து பெரும்பாலும் நிலத்திற் பட்டே எழும். பேஸ்போலிலோ எறிபவர் 60 அடி 6 அங்குலத் தொலைவில் ஒரு சிறு மேட்டில் நின்று, ஓடிவாராது, அடிப்பவரை நோக்கி நேரே எறிவர். உரிய எல்லைக்குள் வரும் பந்தை அடியாது விடினும், கோலை வீசித் தவறினும் அஃது ஒரு தவறாக எண்ணப்படும். தவறு மூன்றாயின் அடிப்பவர் ஆட்டமிழப்பர். ஆதலின் அணியின் வெற்றி பெரிதும் பந்தெறிபவர் கையிலேயே தங்கியுள்ளது.

இத்துறையில் யப்பானியர் இன்றும் போற்றும் பெயர் சவமுரா எயிஜி என்பதாகும். 1917 இல் மியே மாகாணத்திற் பிறந்த இவர், கியோத்தோ வணிகப் பாடசாலையிற் பயின்றார். 1934 இல் அமெரிக்காவின் தலைசிறந்த வீரர் குழுவொன்று யப்பானுக்கு வந்தது. மாணவர் தொழின்முறை வீரரோடு ஆடுதலைக் கல்வியமைச்சு 1932 இற் கட்டுப்படுத்தியிருந்தது. எனவே அக்குழுவை எதிர்த்தாட விரும்பிய சவமுரா, படிப்பை முடிக்காமலே பாடசாலையை விட்டு நீங்கினார்.

அவ்வாண்டு நவம்பர் 20 ஆந் திகதி சிசுவோக்காவில் நடந்த ஆட்டத்திற் பதினேழு வயதினரான அவர், கெறிஞ்சர், பேப் றூத், லூ கெறிக், ஜிம்மி பொக்ஸ் என்னும் பெருவீரர் நால்வரையும் அடுத்தடுத்து ஆட்டமிழக்கச் செய்தார். ஏழாம் முறையிற் கெறிக் அடித்த ஓரடியால் யப்பானிய அணி 1-0 எனத் தோற்றது. ஆயினும், அத்தோல்வியே அவரைத் தேசமறிந்த வீரராக்கிற்று.

பின்னர்த் தோக்கியோ அணியிற் சேர்ந்தார். எதிரணியினர் ஒருவரும் செவ்வையாக அடித்துத் தளஞ்சேராவண்ணம் ஓர் ஆட்டம் முழுவதையும் எறிந்து முடித்தல் அரிய சாதனையாகும். யப்பானியத் தொழின்முறை ஆட்டத்தில் அதனை முதன்முதல் 1936 இல் இவரே நிகழ்த்தினார். 1937 இலும் 1940 இலும் மீண்டும் நிகழ்த்தினார்.

பல்கலைக்கழக மாணவர்க்கு அந்நாளிற் படைச்சேவையினின்று தவணை கிடைத்தது. கல்வியைக் கைவிட்ட சவமுராவுக்கோ அத்தவணை இல்லை. 1938 இற் படைக்கு அழைக்கப்பட்டுச் சீனாவுக்கு அனுப்பப்பட்டார். அங்கு இடக்கையிற் காயமுற்றார். கைக்குண்டு எறிந்தெறிந்து வலத்தோளின் வலியும் குன்றிற்று. திரும்பி வந்தபின் முன்போல் மேலிருந்து வேகமாக எறியவியலாது, பக்கவாட்டாக எறியும் முறையைப் பயின்று ஆடினார். மூன்றாமுறையும் படைக்கு அழைக்கப்பட்ட அவர், 1944 டிசம்பர் 2 இற் கப்பல் தாக்கப்பட்டு மூழ்கியதால் உயிர்நீத்தார். அவருக்கு அப்போது வயது இருபத்தேழு. முன்னர் அவர் எதிர்நின்று ஆடிய அந்நாட்டினது நீர்மூழ்கியே அக்கப்பலைத் தாக்கிற்று.

அவர் ஈட்டிய வெற்றிகள் 63 மாத்திரமே. எனினும், சிறந்த பந்தெறி வீரர்க்குரிய சவமுரா பரிசு 1947 இல் அவர் பெயரால் நிறுவப்பட்டது. பதினைந்து வெற்றிகள் முதலிய ஏழு அளவுகோல்களைக் கொண்டு அது மதிப்பிடப்படும். தக்கார் இல்லையெனின் வழங்கப்படுவதில்லை. 2019 இலும் 2024 இலும் ஒருவருக்கும் அது கிட்டவில்லை. போரினாற் குறுகிய ஒரு வாழ்வு, பின்வந்தோர் திறனை அளக்குங் கோலாக இன்றும் நிலைபெற்றிருக்கின்றது.