அணையாடை

குழவியின் அரையிற் கட்டுந் துணியைப்பற்றிக் கல்லூரி மலரில் ஒரு கட்டுரையோ எனச் சிலர் நகைத்தல் கூடும். நகைப்பவர் நகைக்க. குழவிப் பருவத்தைப் பத்தாகப் பகுத்துச் செங்கீரையாடலும் சப்பாணி கொட்டலும் அம்புலியை அழைத்தலும் பாடிய பிள்ளைத்தமிழ்ப் புலவர், அக்குழவி நாளொன்றுக்குப் பத்து முறை நனைத்த துணியை அலசியவர் யாரென்பதை, யாம் பயின்ற அளவிற் பாடக் கண்டிலேம். புலவர் விடுத்த பொருளை உரைநடை எழுதுவோரேனும் எடுத்துக்கொள்ளுதல் தகும். அஃதன்றி, இம்மலரைப் படிக்கும் பழைய மாணவருட் பலர் இப்பொழுதுதான் தந்தையராகியிருப்பர். அவர்க்கு இஃது யாப்பிலக்கணத்தினும் அணித்தாய பொருள்.

எமக்கு இதில் ஈடுபாடு வந்த காரணம் வீட்டுக் கணக்கேயாம். எம் தமக்கையார்க்கு ஆண் மகவு பிறந்து மூன்றாம் திங்களில், அத்தான் தம் குறிப்பேட்டில் டயாப்பருக்கென எழுதிய தொகை பாலுக்கென எழுதிய தொகையை விஞ்சி நின்றது. அவர் பெறும் ஊதியமோ சிறிது. துணிக்கு மாறலாமா எனக் குடும்பத்தார் ஆராயத் தொடங்கினர். கல்லூரி விடுமுறையில் வீட்டிலிருந்த யாமும் அவ்வாராய்ச்சியிற் புகுந்தோம். அலசும் வேலையிலும் புகுந்தோம்.

முதற்கண் சொல்லை நோக்குவோம். அணையாடை என்பது குழவிக்கு அணையாக இடும் ஆடை. வீட்டார் அதனை மூத்திரத்துணி என்று ஒளிவின்றி வழங்குவர், அதில் இழுக்கொன்றுமில்லை. டயாப்பர் என்ற ஆங்கிலச் சொல்லோ முதலிற் குழவியோடு எவ்வகைத் தொடர்பும் உடையதன்று. சாய்சதுரக் கட்டங்கள் பூத்தொழிலாய் நெய்யப்பட்ட வெள்ளைத் துணிக்கு அது பெயர். வெண்மை எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லொன்றினின்றும் பிறந்தது. மேசைத் துணியாயும் கைத்துடைப்பாயும் விளங்கிய அத்துணி சதுரமாய் வெட்டப்பட்டுக் குழவியின் அரையை அடைந்தபின், துணியின் பெயர் பயனுக்கு ஏறிற்று. இன்று அப்பெயர் துணியே அல்லாத ஒரு பொருளுக்கு வழங்குகின்றது. ஆகுபெயருக்கு நல்லதோர் எடுத்துக்காட்டாமன்றோ?

அத்துணியல்லாத பொருள் தோன்றிய வரலாறும் அறியத்தக்கது. அமெரிக்காவில் மாரியன் டோனவன் என்னும் அம்மையார், குழவியின் படுக்கை நனைவதைப் பொறாது, குளியலறைத் திரையைக் கிழித்து நீர்புகா மேலுறையொன்று தைத்தார். பின்னர் அதனைப் பாரசூட்டுக்குரிய நைலான் துணியாற் செய்து 1949-இல் விற்பனைக்குக் கொணர்ந்தார். உள்ளே வைப்பது துணி, மேலே சூழ்வது நீர்புகா உறை என்பதே அவர் கண்ட முறை. கட்டிக் கழற்றி எறிந்துவிடும் பாம்பர்ஸ் என்னும் சரக்கு 1961-இல் அங்கே கடைக்கு வந்தது. 1980-களில் சோடியம் பாலிஅக்ரிலேட் என்னும் பொடியை அதனுள் இடத் தொடங்கினர். தன் எடையினும் பன்மடங்கு நீரை ஈர்த்துக் கூழாகித் தன்னுள் நிறுத்திக்கொள்வது அப்பொடியின் இயல்பு. கடைச் சரக்கு இரவு முழுதும் ஈரந் தோன்றாமற் காப்பது இதனாலேயாம். துணிக்கு இவ்வாற்றல் இல்லை. இதனை முதலிலேயே ஒப்புக்கொண்டு தொடங்குபவர்க்கு ஏமாற்றம் இராது.

இனித் துணி தேடும் வகை. கடையில் இன்று விற்கும் தைத்த துணி டயாப்பர், நீர்புகா மேலுறையும் உள்ளே செருகும் தடித்த மடிப்பும் அழுத்துப் பொத்தான்களும் உடையது. ஒன்றின் விலை சில நூறு ரூபா. அவற்றில் இருபது வாங்கக் கருதி விலை கேட்டிருந்த தமக்கையாரை நோக்கி எம் பாட்டியார், "கடைக்கு ஏன்யா போறீங்க? பெட்டியில உங்க தாத்தா வேட்டி கிடக்கே!" என்றார். ஈண்டு அறிவு பாட்டியார் பக்கமே இருந்தது. எட்டு முழ வேட்டியொன்று ஏறத்தாழ மூன்றரை மீட்டருக்குக் குறையாத நீளமும் ஒன்றேகால் மீட்டர் அகலமும் உடையது. அறுபது சென்டிமீட்டர்ச் சதுரமாக வெட்டின் ஒரு வேட்டியில் 12 துண்டுகள் தேறும். இரண்டு வேட்டியில் 24. பிறந்த குழவிக்கு நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு முறை மாற்றுதல் வேண்டுமாதலின், இருபத்து நான்கு துண்டுகள் இருப்பின், ஒரு நாள் துவைத்தது காய்வதற்குள் மறுநாளைக்குத் துணி இருக்கும். மழைக்காலத்திற்கு மேலும் ஒரு பன்னிரண்டு வேண்டும்.

பழைய வேட்டி ஏன் சிறந்தது என்பதற்குக் காரணம் உண்டு. பருத்தியிழை நீரை விரும்புவது. ஆயினும் புதுப் பருத்தியில் இயற்கையாய் அமைந்த மெழுகும், நெசவில் ஏற்றிய கஞ்சியும் நீரைத் தடுக்கும். பலமுறை வெந்நீரிற் சவுக்காரமிட்டுத் துவைத்த பின்னரே அவை நீங்கும். பல்லாண்டு உடுத்துத் துவைத்த வேட்டியில் அவ்வேலையைக் காலமே செய்து முடித்திருக்கின்றது. ஆனால் ஓர் எச்சரிக்கை: இக்காலத்து வெள்ளை வேட்டிகளுட் பல பாலியெஸ்டர் கலந்தவை. ஐயமெழின் ஓரத்து நூல் ஒன்றைப் பிரித்து நெருப்பிற் காட்டுக. பருத்தியாயின் தாள்போல் எரிந்து சாம்பலாம். பாலியெஸ்டராயின் உருகிக் கருமணியாய்த் திரளும். இன்னுமொரு சோதனை, துணிமேல் ஒரு துளி நீர் விடுதல். துளி உடனே மறைந்தால் அது குழவிக்கு ஆகும்; முத்துப்போல் உருண்டு நின்றால் இன்னும் துவைத்தல் வேண்டும்.

மடிக்கும் முறை பல. சதுரத்தை மூலைவாட்டில் முக்கோணமாக்கி, வேறொரு துண்டை நீளவாக்கில் நான்காய் மடித்து அதன் நடுவே வைத்து, முனையைக் கால்களிடையே மேற்கொணர்ந்து இருபுற முனைகளோடு கட்டுதல் எளிய முறை. முன்னாளில் ஊக்குக் குத்தினர். (இவ்வூக்கை 1849-இல் நியூயார்க்கு நகரத்து வால்ட்டர் ஹண்ட் என்பார் கண்டு உரிமை பெற்று, அவ்வுரிமையை 400 டாலருக்கு விற்றுவிட்டார். உலகத்துத் தாய்மார் அனைவரும் பயன்கொண்ட பொருளுக்கு அவர் பெற்றது அவ்வளவே.) துள்ளும் குழவிக்கு ஊக்கு ஆகாது; நாடா தைத்துக் கட்டுதல் நன்று. வெளியே செல்லும்பொழுதும் மடியில் வைத்திருக்கும்பொழுதும் மேலே நீர்புகா உறை அணிவிக்கலாம். உறை மட்டும் ஐந்தாறு வாங்கினாற் போதும். முதலில் ஒன்றே ஒன்று வாங்கி, ஒரு கிழமை பகற்பொழுதில் மட்டும் கட்டிப் பார்த்து, தொடையைச் சுற்றி இடைவெளியுண்டோ, தோல் சிவக்கின்றதோ என நோக்கிய பின்னரே எஞ்சியவற்றை வாங்குக. குழவிக்குக் குழவி தொடை வேறு. அயல்வீட்டார் புகழ்ந்த உறை நம் வீட்டில் ஒழுகும்.

வீட்டினுள் இருக்கும்பொழுது எப்பொழுதும் கட்டியே வைத்தலும் வேண்டுவதன்று. தூளியில் ஒரு துணி விரித்துக் குழவியை வெற்றுடலாய்க் கிடத்துவதும், உறங்கி எழுந்தவுடன் நீட்டிய கால்களின்மேல் இருத்தி "உஸ்" என ஒலியெழுப்பிச் சிறுநீர் கழிப்பிப்பதும் நம் பாட்டிமார் கையாண்ட முறை. அவ்வொலி கேட்ட குழவி சில திங்களிற் பழகிவிடும். துணியின் எண்ணிக்கையை இதனினும் குறைப்பது வேறில்லை.

துவைக்கும் முறையைச் சற்று விரிவாய்க் கூறுவோம். துணிமுறையைக் கைவிட்டோர் பெரும்பாலும் இவ்விடத்திலேயே கைவிட்டனர். மலம்பட்ட துணியை முதலிற் கழிப்பறையில் உதறிக் குளிர்ந்த நீரில் அலசுக. எடுத்தவுடன் வெந்நீர் விட்டால் மலத்திலுள்ள புரதம் இறுகிக் கறை நிலைக்கும். கறை நீங்கிய பின்னர் அறுபது பாகை அளவு சூடான நீரிற் சவுக்காரமிட்டுக் கசக்கி, நுரை அறவே நீங்குமளவும் அலசுக. சவுக்காரம் எஞ்சினால் தோல் எரியும். துணியும் நீரை ஈர்க்காது. மணங்கமழும் துணிமென்மைத் திரவங்கள் இழைமேல் மெழுகுப் பூச்சாய்ப் படிவன. அவற்றை அணையாடைக்கு விடலாகாது. நனைத்த துணிகளை வாளியில் நீரில் ஊறப்போட்டு வைத்தலும் தீது. நாற்றம் ஒருபுறம் இருக்க, தவழும் குழவிக்குச் சிறிது நீருள்ள வாளியும் உயிர்க்கு இடராகும். மூடிய கூடையில் உலர்ந்தபடியே வைத்து அன்றன்றே துவைத்தல் நலம். பின்னர் வெயில். கறையை வெளுப்பதிலும் கிருமியைக் கொல்வதிலும் வெயிலுக்கு ஒப்பான வேலைக்காரன் நம் நாட்டில் இல்லை, கூலியும் கேளான்.

ஐப்பசி கார்த்திகையில் அவ்வேலைக்காரன் வரமாட்டான். அப்பொழுதுதான் தாத்தாவின் வேட்டியின் அருமை தெரியும். தடித்துத் தைத்த மடிப்புகள் இரண்டு நாளாயினும் உட்புறம் ஈரமாய் நிற்க, ஒற்றை மடிப்புத் துண்டுகள் வீட்டினுள் கட்டிய கயிற்றில் மின்விசிறிக் காற்றிலேயே சில மணி நேரத்தில் உலர்ந்துவிடும்.

அரைப்புண் ஏன் வருகிறது என்பதையும் அறிதல் வேண்டும். சிறுநீரிலுள்ள யூரியாவை மலத்திலுள்ள நுண்கிருமிகள் சிதைத்து அம்மோனியாவாக்குகின்றன. அதனால் தோலின்மேற் காரத்தன்மை மிகுகிறது. அக்காரத்திலே மலத்தில் எஞ்சிய செரிமான நொதிகள் வலிமை பெற்றுத் தோலைக் கரைக்கின்றன. ஆகவே, சிறுநீரும் மலமும் ஒருங்கே நெடுநேரம் தங்குவதே கேடு. கட்டியது துணியா, கடைச் சரக்கா என்பது அடுத்த கேள்வி. துணி கட்டுவோர் நனைந்தவுடன் மாற்றியாக வேண்டும். மாற்ற ஆளில்லாத வீட்டில் துணியே புண்ணுக்கு ஏதுவாகும். இரவில் ஒன்று கடைச் சரக்கைக் கட்டுவதை யாம் குறைகூற மாட்டோம். தாயும் உறங்குதல் வேண்டும்.

இனிக் கணக்கு. ஒன்று 10 ரூபாவாக நாளுக்கு ஆறு கடைச் சரக்கு எனக் கொள்வோம். இரண்டாண்டுக்கு, அதாவது 730 நாளைக்கு, 43,800 ரூபா ஆகும். துணிமுறையில் உறை ஆறு, ஒன்று 400 ரூபாவாக 2,400, சவுக்காரம் திங்களுக்கு 150 வீதம் 3,600, இரவுக்கு மட்டும் ஒரு கடைச் சரக்கு, அதற்கு 7,300, ஆகக்கூடி 13,300. மிச்சம் 30,500 ரூபா. விலை ஊருக்கு ஊர் மாறுமாதலின் தத்தம் விலையை இட்டுக் கணித்துக்கொள்க.

இத்தொகையை அத்தான் மகிழ்வோடு எழுதி முடித்தபொழுது, அதில் ஒரு வரி விடுபட்டிருப்பதை யாம் கண்டோம். அலசித் துவைத்து உலர்த்தி மடிக்க நாளொன்றுக்கு 40 நிமிடமாயினும் செல்லும். 730 நாளைக்கு அது ஏறத்தாழ 487 மணி நேரம். மிச்சமான பணத்தை அதனால் வகுப்பின் மணிக்கு 63 ரூபா அளவே தேறும். அந்த 487 மணியும் யாருடையவை? பெரும்பாலான வீடுகளில் அவை தாயினுடையவை. கைக்குழந்தையோடு உறக்கங் கெட்டவருடையவை. "துணியே சிக்கனம்" என்று திண்ணையிலிருந்து உரைக்கும் ஆடவர் பிறருடைய உழைப்பைச் செலவிட்டுத் தம் பணத்தைச் சேமிக்கின்றனர் என்பதே எம் துணிபு. இதனை யாம் வீட்டிற் கூறியபொழுது அத்தான் சிறிது நேரம் வாளாவிருந்தார். மறுநாள் தொட்டுக் காலையில் அலசுவது அவர் பங்காயிற்று. விடுமுறை நாளில் அப்பங்கு எமதாயிற்று. இருபதாவது துண்டில் முகஞ்சுளிப்பு நீங்கிவிடும். அதன் பின் அது வேட்டி துவைப்பதினும் வேறன்று.

நீரும் கணக்கிற் சேரவேண்டியதே. கோடையில் குடத்துக்கு விலை கொடுத்து நீர் வாங்கும் தெருவில் நாளொன்றுக்கு மூன்று நான்கு வாளி நீரை இதற்குச் செலவிடுமாறு யாம் கூறத் துணியோம். அத்திங்கள்களில் துணியைக் குறைத்தல் தவறன்று. கடைசியாய் அலசிய நீரை மறுநாள் முதல் அலசலுக்கு வைத்துக்கொள்ளுதலும் ஆம்.

உலகத்துக்கு எது நலம் என்ற வினாவுக்கும் விடை ஒரு சொல்லில் அடங்குவதன்று. இங்கிலாந்தில் 2008-இல் வெளியான அரசாங்க ஆராய்ச்சியொன்று, இரண்டரை ஆண்டில் ஒரு குழவிக்காக வெளிப்படும் கரியமிலவாயு கடைச் சரக்கிற்கு ஏறத்தாழ 550 கிலோகிராம் எனவும் துணிக்கு 570 எனவும் கண்டது. துணி தோற்றதோ எனின், அன்று. வாளி நிறையச் சேர்த்துத் துவைத்து, வெயிலில் உலர்த்தி, இரண்டாம் குழவிக்கும் அத்துணியையே கட்டின் 200 கிலோகிராம் குறையும் என்றும், மின்சாரத்தில் உலர்த்தினால் மிகும் என்றும் அவ்வாராய்ச்சியே கூறிற்று. 2023-இல் அந்நாட்டார் மீண்டும் ஆராய்ந்து, துணியே நாலில் ஒரு பங்கு குறைந்த கேடுடையது என்றனர். மின்சாரத்தில் உலர்த்தாத நம் நாட்டிற்கு விடை இன்னும் தெளிவு.

எனினும் எம் உள்ளத்தில் உறுத்துவது வாயுவன்று. கழற்றி எறிந்தது குப்பைத் தொட்டியில் மறைந்துபோவதில்லை. காலையில் வரும் துப்புரவுத் தொழிலாளரின் கைக்கே செல்கின்றது. பயன்படுத்திய டயாப்பரைப் பொதிந்து தனியே தருதல் வேண்டுமென 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள் கூறின. எம் தெருவிலோ அவை காய்கறித் தோலோடு ஒரே பையிற் கிடப்பதைக் காண்கின்றோம். கையுறையின்றி அவற்றைப் பிரித்தெடுப்பவரையும் காண்கின்றோம். தம் குழவியின் மலத்தைத் தாம் தொடக் கூசுவோர் அதனைப் பிறர் தொடுவதற்கு விடுத்தல் என்ன நியாயம்? இரவுக்குக் கட்டும் அவ்வொன்றையேனும், மலத்தைக் கழிப்பறையிற் கொட்டிவிட்டு, பழைய செய்தித்தாளிற் பொதிந்து, மேலே அடையாளமிட்டுத் தனியே கொடுத்தல் அனைவர்க்கும் இயலும்.

குழவி நடை பயின்று, இரண்டாம் ஆண்டிற் கழிப்பறை பழகிய பின்னர் உறைகளைக் கழுவி உலர்த்தி அடுத்த குழவிக்கு எடுத்து வைக்கலாம், உறவினர்க்கும் கொடுக்கலாம். கொடுக்குமுன் இடுப்பிலுள்ள இலாசுத்திக்கை இழுத்துப் பார்க்க. தளர்ந்திருப்பின் மாற்றித் தைத்துக் கொடுக்க. வேட்டித் துண்டுகள் அதற்குள் மிக மென்மையாகிவிடும். கிழியாதவை சமையலறையில் கைப்பிடித் துணியாகா. மிதிவண்டி துடைக்க ஆகும். எம் தாத்தாவின் வேட்டிகளில் ஒன்பது துண்டுகள் இன்னும் கயிற்றில் ஆடிக்கொண்டிருக்கின்றன.