அன்றாடச் சொல்லும் மொழிபெயர்ப்பும்: ஜப்பானியமும் சோங்காவும்

மொழிபெயர்ப்பில் எளியவை என நாம் கருதும் அன்றாடத் தொடர்களே பெரும்பாலும் கடினமானவை. ஒரு கோட்பாட்டை விளக்கம் கூட்டியேனும் பெயர்த்துவிடலாம். வணக்கம், விடைபெறுதல், நன்றி ஆகியவற்றுக்கு அவ்வழி உதவாது. உறவற்ற இரு மொழிகளைக் கொண்டு இதனை ஆராய்வோம். ஒன்று ஜப்பானியம். மற்றொன்று தென்னாப்பிரிக்காவின் வடபகுதியிலும் தென் மொசாம்பிக்கிலும் வழங்கும், பாந்து குடும்பத்தைச் சார்ந்த சோங்கா. சுவிட்சர்லாந்து அருட்பணியாளர்கள் 1875இல் வால்டேசியாவில் பணி தொடங்கினர். அவர்தம் உழைப்பால் 1907இல் சோங்கா மொழியில் முழுத் திருமறையும் வெளிவந்தது.

இவ்விரு மொழிகளுக்கும் இடையே ஆங்கிலத்தைப் பாலமாகக் கொள்வது எளிதெனத் தோன்றலாம். ஆயின் அப்பாலத்தைக் கடக்கையில் சில பொருள்கள் உதிர்கின்றன. சில புதிதாய் ஒட்டிக்கொள்கின்றன.

முதலாவது, வணக்கம். மாலையில் சந்திக்கும் ஆங்கிலேயர் அவ்வேளை நல்லதாகுக என வாழ்த்துவர். ஜப்பானியரோ 'கொம்பான்வா' என்பர். 'இம்மாலையானது' என்று தொடங்கி, முடிக்கப்படாமலே நிற்கும் தொடர் அது. சோங்கா மக்கள் 'ரிபெரிலே' என்பர். கதிரவன் மறைந்தது என்பதே அதன் பொருள். இரண்டிலும் 'நல்ல' என்னும் சொல் இல்லை. வேளையைக் குறிப்பதே வணக்கமாகிறது.

இரண்டாவது, விடைபெறுதல். சோங்காவில் புறப்படுகிறவர் 'சலா காலே', அதாவது 'நலமாய் இரு' என்பார். இருப்பவர் 'ஃபம்பா காலே', அதாவது 'நலமாய்ச் செல்' என்பார். பலரிடமோ மதிப்பிற்குரியவரிடமோ பேசுகையில் 'சலானி', 'ஃபம்பானி' என மாறும். ஜப்பானிய வீட்டில் வெளியே செல்கிறவர் 'இத்தே கிமாசு' என்பார். நம் 'போய் வருகிறேன்' என்பதற்கு இது முற்றும் ஒத்தது. வீட்டிலிருப்போர் 'இத்தெராஷ்ஷாய்' என விடைகொடுப்பர். போகிறவர் யார், இருப்பவர் யார் என்பதை இவ்விரு வழக்குகளும் காட்டுகின்றன. இருவருக்கும் பொதுவான ஆங்கிலச் சொல்லோ அதனை மறைத்துவிடுகிறது.

மூன்றாவது, நன்றியும் மன்னிப்பும். பேருந்தில் இடம் விட்டவரிடம் ஜப்பானியர் 'சுமிமாசென்' என்று நன்றி கூறுவதுண்டு. காலை மிதித்துவிட்டாலும் அதே சொல்தான். அகராதியில் 'மன்னிக்கவும்' எனக் கண்டு, மன்னித்தலைக் குறிக்கும் 'ரிவலேலா' என்னும் வினையால் பெயர்ப்போமாயின், கேட்கும் சோங்கா மனிதர் 'என்ன குற்றம் நேர்ந்தது?' எனத் திகைப்பார். ஆண்டவர் கற்பித்த மன்றாட்டில் சோங்காத் திருச்சபை பயன்படுத்தும் வினையும் இதுவே. அவ்விடத்தில் பொருந்துவது 'இங்கோமு' என்னும் நன்றிச் சொல்லாகும்.

சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதைவிட, மூலத்தைக் கேட்டோர் பெற்ற பொருளைப் புதிய கேட்போரும் பெறச் செய்வதே முதன்மையானது என யூஜின் நைடாவும் சார்லஸ் டேபரும் 1969இல் வெளியிட்ட நூலில் வலியுறுத்தினர். இக்கொள்கை திருமறைக்கும் பொருந்துமா? யோவான் 20ஆம் அதிகாரத்தில் உயிர்த்தெழுந்த ஆண்டவர் மூன்று முறை சமாதானம் கூறுகிறார். அது யூதர்தம் அன்றாட வணக்கமே. ஆயினும் பூட்டிய கதவுகளுக்குள் அஞ்சியிருந்தோருக்கு அவர் அதனைக் கூறியபோது, தம் சிலுவையின் பயனையே அளித்தார். வெறும் வணக்கமாகப் பெயர்த்தால் அருட்கொடை மறையும். கோட்பாடாக மட்டும் பெயர்த்தால் நண்பரின் குரல் மறையும். இவ்விரண்டையும் காக்கும் சொல்லைத் தேடுவதே மொழிபெயர்ப்பாளரின் கடமை.

ஆகவே, அகராதியைத் திறக்குமுன், யார், யாரிடம், எவ்வேளையில், எதன்பொருட்டுப் பேசுகிறார் என்று கேட்போமாக. அருளுரை ஆற்றுவோருக்கும் இக்கேள்விகள் இன்றியமையாதவை.