எந்த எலி என்று சொல்லுங்கள்

'எலிகளில் வெற்றி' என்று மருத்துவச் செய்தி எதைப் படித்தாலும், எந்த வம்சத்து எலி என்றுதான் முதலில் தேடுகிறேன். பெரும்பாலும் அந்தத் தகவல் இருப்பதே இல்லை.

1990-இல் கேம்பிரிட்ஜிலிருந்து வெளிவந்த ஆய்வு ஒன்று போதும், இந்தத் தேடல் ஏன் என்று சொல்ல. பாக்டீரியாவின் லேக்-இசட் மரபணுவை எலிக்குள் புகுத்தியிருந்தார்கள். அது இயங்கும் திசுவைச் சாயமிட்டால் நீலமாகத் தெரியும். இந்த எலியை டிபிஏ/2 வம்சத்தோடு கலந்தபோது மரபணு நன்றாக இயங்கியது. அதன்மேல், மரபணுவை அடக்கிவைக்கும் மெத்தில் என்ற வேதிக் குறிகள் குறைவு. பால்ப்/சி வம்சத்தோடு கலந்தபோதோ மெத்தில் ஏறி, மரபணு அடங்கிப்போனது. அதே மரபணு, குரோமோசோமில் அதே இடம்! அதைவிட வியப்பு, பால்ப்/சி-யின் அந்த அடக்கும் குணம் தாய்வழியாக வந்தால்தான் பலித்தது.

மறு ஆண்டே வேறொரு மரபணுவிலும் இதே கதை. சி57 பிளாக் 6 எலியில் அதன்மேல் மெத்தில் ஏறியது; டிபிஏ/2-இல் ஏறவில்லை. காரணம் 4-ஆம் குரோமோசோமில் இருந்தது. துத்தநாக விரல் வகைப் புரதம் ஒன்றை உண்டாக்கும் மரபணு அது எனப் பின்னாளில் தெரிந்தது.

புகுத்துவதில் மட்டுமல்ல, நீக்குவதிலும் வம்சம் குறுக்கிடுகிறது. 1995-இல், செல் வளர்ச்சிக்கான சமிக்ஞையை வாங்கும் ஈஜிஎஃப் ஏற்பியின் மரபணுவை நீக்கிப் பார்த்தார்கள். சிஎஃப்-1 வம்சத்தில் கரு கருப்பையில் பதியும் கட்டத்திலேயே அழிந்தது. 129-இல் கர்ப்பத்தின் நடுவில் இறந்தது. சிடி-1-இல் குட்டிகள் பிறந்து மூன்று வாரம் வரைகூட உயிரோடு இருந்தன.

இதில் எந்த முடிவை 'எலியின் முடிவு' என்று எழுதுவது?

ஒரே வம்சத்தை வைத்துக்கொண்டால்தான் சோதனைகளை ஒப்பிட முடியும் என்பார்கள். நியாயம்தான். ஆனால் பால்ப்/சி, டிபிஏ/2 போன்றவை இருபது தலைமுறையோ அதற்கு மேலோ உடன்பிறப்புகளையே இணைசேர்த்து உருவாக்கிய வம்சங்கள். அப்படிப்பட்ட ஒரு வம்சம் முழுவதுமே கிட்டத்தட்ட ஒரே உயிரின் நகல். மருத்துவமனை வாசலில் வரிசையில் நிற்பவர்கள் அப்படியா? ஆளுக்கொரு மரபணுப் பின்னணி. இன்று மரபணுச் சிகிச்சை என்று மனித உடலுக்குள்ளேயே புது மரபணுவைச் செலுத்துகிறோம். ஒருவரிடம் இயங்குவது இன்னொருவரிடம் அடங்கிப்போகக் கூடுமே என்ற கவலை என்னை விடுவதில்லை. நம்பிக்கையோடு பிள்ளையைத் தூக்கிவரும் பெற்றோரிடம், 'எலியில் பலித்தது' என்று மட்டும் சொன்னால் அது பாதித் தகவல்.

எந்த வம்சம், தாய் எது, தகப்பன் எது, இரண்டாவது வம்சத்தில் சோதித்தார்களா? நான்கைந்து சொற்களில் அடங்கும் விவரம். செய்தியின் முதல் பத்தியிலேயே அதற்கு இடம் இருக்கிறது.